கரும்பலகைக்கு முழங்கால்

அந்த பேனரைப் படித்தீர்களா தம்பி? கேட்டுக்கு மேலே கட்டியிருக்கிறார்களே, அதுதான். இங்கிலீஷில் பெரிதாகவும் தமிழில் சின்னதாகவும் போட்டிருக்கிறது. சின்னதை நான் படித்தேன். ‘இப்பகுதியில் கல்வி ஒளி ஏற்றி இருபது ஆண்டுகள்.’ இருபது ஆண்டுகளாம். அதற்கு முன்னால் நாங்களெல்லாம் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தோம் போலிருக்கிறது.

உட்காருங்கள். இந்தப் பக்கம் வெயில் வர இன்னும் நேரமாகும். உங்கள் டோக்கன் என்ன? எனக்கு அடுத்ததா. நான் விடியுமுன்னே வந்தேன், எனக்கு முன்னாலேயே பாதித் திருப்பூர் வந்து நிற்கிறது. மகளா? மூன்றரை வயசிருக்குமா? இவள் என் பேத்தி. மகன் வைத்த பெயர் ரியானா. எனக்கு அது நாக்கில் நிற்காது, பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். மகனும் மருமகளும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. இன்றைக்கு அட்மிஷன் ஃபாரம் கொடுப்பார்களாம், பிள்ளையை ஒரு தடவை பார்ப்பார்களாம். அதற்குத் தாத்தா போதும் என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் யாரிடமும் வலிய வந்து பேசுகிறவன் இல்லை. என் மனைவி செசிலியைக் கேட்டால் சொல்லுவாள். “இவர் வாயில இருந்து வார்த்தை வாங்குறதும் கல்லுல நார் உரிக்கிறதும் ஒண்ணுதான்” என்பாள். இன்றைக்கு இந்த பேனருக்குக் கீழே உட்கார வைத்துவிட்டார்களே, அதுதான் பேச வைக்கிறது.

அதோ, இந்த ரோட்டு முனையில் ஒரு வேப்பமரம் தெரிகிறதா? அங்கே இடது பக்கம் திரும்பினால் கோயில். கோயிலுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த நீளமான குடோன் ஒன்று இருக்கிறது. அதுதான் தமிழ்ப் பள்ளி. நாற்பது வருஷமாக நடக்கிறது. பேனர் கட்டினவர்கள் கண்ணுக்கு அது தெரியவில்லை. கோபுரம் மறைக்கிறது.

நான் ஓரியூர்ப் பக்கம். மழை பொய்த்துப் போய், கருவேல மரத்தை வெட்டிப் பிழைக்கிற நிலைமை வந்தபோது புறப்பட்டு இங்கே வந்தேன். எழுபத்தொன்பதில். எங்கள் ஆட்கள் அப்போது நிறையப் பேர் வந்தார்கள். இன்று கட்டடமாக நிற்கிற இடமெல்லாம் சோளக்காடு. பனியன் கம்பெனிகள் காளான் மாதிரி முளைத்துக்கொண்டிருந்த காலம். நான் துணி வெட்டுகிற கட்டிங்கில் சேர்ந்து கட்டிங் மாஸ்டர் ஆனேன். சந்தியாகு என்று என் பெயரைச் சொன்னால் இங்கே யாருக்கும் தெரியாது. கட்டிங் மாஸ்டர் என்றால் தெரியும்.

பூசைக்கு டவுனுக்குத்தான் போக வேண்டும். பிறகு டவுன் கோயிலிலிருந்து ஃபாதர் இன்னாசி என்று ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் சைக்கிளில் வந்து, ஏதாவது ஒரு கம்பெனி ஷெட்டில் பூசை வைத்துவிட்டுப் போவார். முரட்டு மனிதர். ஒருநாள் பூசை முடிந்ததும் பிள்ளைகளை எண்ணிப் பார்த்துவிட்டு எங்களிடம் கேட்டார்.

“ஞாயித்துக்கிழமை பூசைக்கு இத்தனை பிள்ளைங்க வருதே, திங்கக்கிழமை எங்கய்யா போகுது?”

எங்கே போகும்? கம்பெனிக்குத்தான். டெய்லர் தைத்துத் தள்ளுகிற துணியை எடுத்து மடித்துக் கொடுக்க ஒரு பிள்ளை வேண்டும். கைமடி என்று சொல்வோம். பத்து வயசுப் பிள்ளைதான் அதற்கு வாகு. குட்டியாக இருந்தால் மிஷினுக்கு அடியில் நுழையும். நாங்கள் சொல்லாமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் காலையில் ஆள் கம்பெனி கேட்டில் வந்து நின்றுகொண்டார். அங்கியோடு. முதலாளிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டு அப்படியே நின்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது, தம்பி. அதை எந்த பேனரில் போட்டிருக்கிறார்கள்?

சென்னியப்பக் கவுண்டர் என்று இந்தப் பக்கத்துக்காரர், பஞ்சு குடோன் ஒன்று சும்மா கிடக்கிறது என்று கொடுத்தார். ஃபாதரிடம் அவர் போட்ட கண்டிஷன் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “ஏனுங் சாமி, ஞாயித்துக்கெழம நீங்க சாமி கும்புடறதுக்கு வாடக வேண்டாமுங்க. சாமிகிட்ட வாடக வாங்குனா எங்கூடு வெளங்குமுங்களா? மத்த நாளைக்குப் புள்ளைங்க வந்து செவுத்தெல்லாங் கிறுக்கும் பாருங்க, அதுக்குத்தான் வாடக.”

ஆக ஒரே குடோன்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற நாள் பள்ளிக்கூடம். கிழக்குச் சுவரில் பீடம். நற்கருணை அப்பம் வைக்கிற பேழையும் அங்கேதான். பள்ளி நடக்கும்போது பீடத்தை மறைக்க ஒரு திரை வேண்டும் என்றார்கள். நான் கம்பெனியில் துணி கேட்டு வாங்கி வெட்டிக் கொடுத்தேன். செசிலி தைத்தாள். பனியன் துணியில் கோயில் திரை தைத்தது இந்த உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும். பனியன் துணி தொங்கத் தொங்க இழுபடும் அல்லவா? மூன்று மாதத்தில் தரையைக் கூட்ட ஆரம்பித்துவிட்டது. வருஷத்துக்கு இரண்டு தடவை கீழே மடித்துத் தைப்போம். கடைசியில் மடிப்பே முழங்கால் உயரம் வந்துவிட்டது.

பாப்பா, அந்த அக்கா பையைத் தொடாதே. இங்கே வந்து உட்கார்.

பாடம் நடத்த இரண்டு சிஸ்டர்கள் வந்தார்கள். ஒருவருக்கு இந்தத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் திரும்பிப் போய்விட்டார். மற்றவர் சிஸ்டர் பவுலின். அப்போது அவருக்கு என் தங்கை வயசு. கும்பகோணம் பக்கம். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கைமணி, அவ்வளவுதான் கொண்டுவந்தது. சாயங்காலம் லைன் வீடுகளில் கதவு கதவாகத் தட்டுவார். “உங்க பிள்ளையை எனக்குத் தாங்க” என்று கேட்பார். அவருக்கு வேறு பேச்சே தெரியாது. “உங்க பிள்ளையை எனக்குத் தாங்க.” எங்கள் ஊர்க்காரி ஒருத்தி, “எங்க பிள்ளையைக் கொடுத்துட்டா நாங்க எதை சிஸ்டர் திங்கிறது?” என்று கேட்டாள். “நான் உங்க கூட வந்து கைமடி போடுறேன், பிள்ளையை அனுப்புங்க” என்றாராம். அவள் மறுநாள் அனுப்பிவிட்டாள்.

பெஞ்சு கதைக்கு வருகிறேன். எங்கோ ஃபாதர்கள் படிக்கிற பழைய குருமடம் ஒன்றை இடித்தார்கள் என்று ஃபாதர் அங்கிருந்து பதினாறு பெஞ்சுகளை லாரியில் ஏற்றி வந்தார். தேக்கு. ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். கரும்பலகையைப் பீடத்துப் பக்கம் வைத்தால் சுண்ணாம்புத் தூள் பீடத்தில் விழும் என்று சிஸ்டர் சொன்னதால், மேற்குச் சுவரில் சிமெண்டு பூசிக் கறுப்படித்தோம். அப்படியானால் பள்ளி நடக்கும்போது பெஞ்சு மேற்கே பார்க்க வேண்டும், பூசை நடக்கும்போது கிழக்கே பார்க்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் பதினாறையும் கிழக்கே திருப்புவது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பதினாறையும் மேற்கே திருப்புவது. யார் திருப்புவது? கை தூக்கியது நானும் செசிலியும். கை தூக்கினேன் என்று சொல்லக் கூடாது. எல்லோரும் போன பிறகு போய்த் திருப்ப ஆரம்பித்தேன். மறுவாரமும் என்னையே எதிர்பார்த்தார்கள்.

ஏனோதானோ என்று திருப்பவில்லை, தம்பி. கட்டிங் மேஜைச் சாக்கட்டியால் தரையில் ஒவ்வொரு கால் நிற்கிற இடத்துக்கும் குறி போட்டிருந்தேன். கிழக்கே பார்க்க நீலக் குறி, மேற்கே பார்க்க வெள்ளைக் குறி. ஒரு விரல் தள்ளியிருந்தாலும் மறுபடி தூக்கி வைப்பேன். செசிலி திட்டுவாள். “சாமி உங்க டேப்பையா பாக்கப் போறாரு?” என்பாள். கோயில் கட்டி முடிகிற வரைக்கும், ரீகன் அவள் வயிற்றில் இருந்த மாதங்கள் தவிர ஒரு வாரம் விட்டதில்லை. ரீகன்தான் என் மகன், பாப்பாவின் அப்பா.

இதில் ஒரு சண்டை வந்தது. பிள்ளைகள் மேற்கே பார்த்து உட்கார்ந்தால் பீடத்துக்கு முதுகுதானே காட்ட வேண்டும்? ஆண்டவருக்கு முதுகைக் காட்டிப் படிக்கிற படிப்பு உருப்படுமா என்று எங்கள் பெரியவர்கள் குதித்தார்கள். ஃபாதர் இன்னாசி சொன்னார், “பரீட்சை ஹால்ல சூப்பர்வைசர் எங்கய்யா நிப்பாரு? பின்னாலதான நிப்பாரு?” அத்தோடு பேச்சு முடிந்தது.

ஆனால் யாரும் யோசிக்காத ஒன்று நடந்தது. நீங்கள் எங்கள் கோயிலுக்கு வந்ததில்லையே? தருமபுரிப் பக்கம் என்றீர்கள். நாங்கள் கோயிலுக்குள் நுழைந்தால் பீடத்தைப் பார்த்து ஒரு முழங்காலை மடக்கித் தரையில் தொட்டு எழுவோம். நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறீர்களே, அது மாதிரி. பிள்ளைகளுக்கு சிஸ்டர் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டார். ‘உள்ளே வந்ததும் முன்பக்கம் பார்த்து முழங்கால் போடணும்’ என்று. பிள்ளைகளுக்கு முன்பக்கம் எது? வாரம் முழுக்கக் கரும்பலகைதானே? ஒன்று விடாமல் எல்லாம் கரும்பலகைக்கு முழங்கால் போட ஆரம்பித்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. பெஞ்சு கிழக்கே பார்க்கிறது, பீடத்தில் மெழுகுவர்த்தி எரிகிறது, பிள்ளைகள் உள்ளே வந்து மேற்கே திரும்பி முழங்காலை மடக்கும்.

உறுதிபூசுதல் என்று பிள்ளைகள் நெற்றியில் எண்ணெய் பூசுகிற சடங்குக்கு, ஃபாதர்களுக்கெல்லாம் மேலான ஆயர் வந்தபோது இது வெட்டவெளிச்சமானது. அவர் பீடத்து முன்னால் செங்கோலோடு நிற்கிறார். பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வரிசையாக நுழைந்து, அவருக்கு முதுகைக் காட்டி, கரும்பலகைக்கு முழங்காலிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அதில் முந்தின நாள் எழுதிய ஏழாம் வாய்ப்பாடு அழிக்காமல் இருந்தது. ஃபாதர் இன்னாசி முகம் இரத்தமாகிவிட்டது. ஆயர் சிரித்துவிட்டார். அவர் போன பிறகு ஃபாதர் சிஸ்டர் பவுலினைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் சொன்னது இதுதான்: “ரெண்டு பக்கமும் போடட்டும் ஃபாதர். முட்டி ஒண்ணும் தேஞ்சிடாது.”

அன்றிலிருந்து இரண்டு பக்கமும் போடுவது எங்கள் பள்ளியின் வழக்கம். இன்றைக்கும் நடக்கிறது. பீடம் அங்கே இல்லை, எப்போதோ புதுக் கோயிலுக்குப் போய்விட்டது. ஆனாலும் நடக்கிறது. இப்போது அங்கே படிப்பது பெரும்பாலும் ஒரிசா, பீகார் பிள்ளைகள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கரும்பலகைக்கு ஒரு முழங்கால், திரை தொங்கின வெறும் சுவருக்கு ஒரு முழங்கால் போட்டுவிட்டுத்தான் உட்காரும். பாப்பாவும் போடுவாள். தினமும் சாயங்காலம் நான் அங்கே போவேன், பெஞ்சுகளுக்கு எண்ணெய்த் துணி போட்டுத் துடைப்பேன். இவளும் கூட வருவாள். அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சிலேட்டில் கிறுக்குவாள். மூன்றாவது பெஞ்சில் சன்னல் ஓரம் இவள் இடம். வேறு யாராவது உட்கார்ந்தால் அழுகைதான்.

இப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தைத்தான் வருகிற ஜூனோடு மூடப் போகிறார்கள். மூடிவிட்டு என்ன செய்யப் போகிறார்கள் தெரியுமா? வேன் நிறுத்தப் போகிறார்கள். நாம் உட்கார்ந்திருக்கிற இந்த இங்கிலீஷ் பள்ளி வேன்கள் ரோட்டில் நிற்கின்றனவாம், போலீஸ்காரர் சத்தம் போடுகிறாராம். குடோனை இடித்தால் எல்லா வேனும் நிற்குமாம். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கூட்டம் போட்டுச் சொன்னார்கள். பிள்ளைகள் குறைந்துபோனார்கள், நடத்த முடியாது, ஜூனில் புதிதாக யாராவது சேர்ந்தால் பார்க்கலாம் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார்கள்.

நான் எழுந்தேன், தம்பி. இத்தனை வருஷத்தில் எந்தக் கூட்டத்திலும் நான் எழுந்ததில்லை. முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். “அது நாங்க உண்டாக்குன பள்ளிக்கூடம். அதை மூடுறதுக்கு உங்களுக்கு வாய் எப்படி வருது?” என்று கேட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், கட்டிங் மாஸ்டரா பேசுகிறார் என்று. இப்போதிருக்கிற ஃபாதர் சின்னப் பையன். என் மகனைவிட இளையவர். மரியாதையாகத்தான் கேட்டார். “ஐயா, உங்க வீட்டுல இருந்து எந்தப் பிள்ளை அங்க படிக்குது?”

அது ஒரு கேள்வியா? சொல்லுங்கள். என்னிடம் கேட்கிற கேள்வியா அது? ரீகன் அங்கே படித்தவன்தான். மூன்றாவது வரைக்கும் படித்தான். நாலாவதுக்கு டவுனில் இங்கிலீஷ் பள்ளியில் போட்டேன். அது வேறு விஷயம். அதற்குக் காரணம் இருந்தது.

ஒரு வெளிநாட்டு ஆர்டர் வந்தது. குழந்தைகள் பனியன். அளவு போட்ட தாளைக் கொடுத்தார்கள். எண் எல்லாம் எனக்குத் தெரியும், நான் ஐந்தாவது படித்தவன். எண்ணைப் பார்த்து வெட்டினேன். ஒரு நூல் பிசகவில்லை. கட்டத்துக்கு அடியில் இங்கிலீஷில் ஒரு வரி இருந்தது. துவைத்த பிறகு இருக்க வேண்டிய அளவு என்று. துவைத்தால் பனியன் சுருங்கும், அதற்குச் சேர்த்து வெட்டியிருக்க வேண்டும். வாஷிங் போய் வந்ததும் மொத்த லாட்டும் பொம்மைக்குப் போடுகிற மாதிரி ஆகிவிட்டது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. காலேஜ் முடித்துப் புதிதாகச் சேர்ந்த ஒரு பையனைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார். அந்தப் பையன், “இங்கயே போட்டிருக்கே மாஸ்டர், நீங்க படிக்கலையா?” என்றான். செக்கிங் பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எனக்கும் தெரியும். அந்த ஜூனில் ரீகனை மாற்றிவிட்டேன். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

சிஸ்டர் பவுலின் வீட்டுக்கு வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். என்ன சொல்லுவது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் கேட்டது இவ்வளவுதான்: “சரி மாஸ்டர். சனிக்கிழமை பெஞ்சு திருப்ப வருவீங்கல்ல?” போனேன். ஏன் போக மாட்டேன்?

ரீகன் டவுன் பள்ளிக்கூடத்துக்கு முதல் நாள் போனபோது வகுப்பு வாசலில் நின்று கரும்பலகையைப் பார்த்து முழங்கால் போட்டிருக்கிறான். பழக்கம். வகுப்பே சிரித்திருக்கிறது. டீச்சர், “யார் உன்னை முட்டி போடச் சொன்னது? உள்ள வராமலே பனிஷ்மென்டா?” என்று கேட்டாளாம். சாயங்காலம் வந்து அழுதான். நான் சொன்னேன், “அங்க போடாதடா. அது கோயில் இல்ல, பள்ளிக்கூடம்.” மறுநாளிலிருந்து அவன் போடவில்லை. பிறகு கோயிலிலும் போடுவதை விட்டுவிட்டான். இப்போது கிறிஸ்துமஸ் பூசைக்கு வந்தால்கூடக் கைகட்டிக்கொண்டு பின்னால் நிற்பான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. நினைவு வந்தது, சொன்னேன்.

என்னைப் பார்த்துத்தான் மற்றவர்களும் பிள்ளைகளை எடுத்தார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அந்த வருஷமே எதிர் லைனில் ஒருவன் தன் மகளை எடுத்தான். பிறகு வரிசையாக. கேட்டால், “கட்டிங் மாஸ்டரே எடுத்துட்டாரு, எங்களுக்கென்ன?” என்றார்கள். இதுவும் ஒரு பதிலா? ஒருவன் கிணற்றில் குதித்தால் நீயும் குதிப்பாயா? சொந்தப் புத்தி வேண்டாமா? ஆட்டு மந்தை. அந்த மந்தைதான் தம்பி, நல்லா இருந்த பள்ளிக்கூடத்தைக் கெடுத்தது. பிறகு ஊர் பெருத்தது, குடோனோடு இடத்தை வாங்கிக் கோயில் கட்டினார்கள், ‘டவுனுக்கு ஏன் அனுப்பணும், நாமளே இங்கிலீஷ் பள்ளி கட்டலாமே’ என்று இந்த நாலு மாடியைக் கட்டினார்கள். பேனரும் கட்டிவிட்டார்கள்.

நீங்கள் கேட்கிறீர்களா? உங்கள் மகள் தூங்கிவிட்டாள் போலிருக்கிறது. தோளில் சாய்த்துக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை சாயங்காலம் சிஸ்டர் பவுலின் வீட்டுக்கு வந்தார். எழுபதை நெருங்குகிறார். முழங்கால் தேய்ந்துபோய்க் கோல் ஊன்றி நடக்கிறார். தேயாது என்று சொன்னவர். செசிலி காபி கொடுத்தாள். பாதி குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

“உங்க பிள்ளையை எனக்குத் தாங்க.”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு பாப்பாவைப் பார்த்தார். “ஒரு அஞ்சாறு பேர் சேர்ந்தாப் போதும், மூட விடமாட்டேன். ஆனா முதல் பேரு உங்க வீட்டுப் பேரா இருக்கணும் மாஸ்டர். நீங்க எடுத்ததும் எடுத்தாங்க. நீங்க சேர்த்தா சேர்ப்பாங்க.”

எப்படிக் கேட்டார் பாருங்கள். இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்து கேட்டிருக்கிறார். முதல் தடவையாக அவரிடம் குரலை உயர்த்தினேன். “பதினாறு பெஞ்சையும் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு சிஸ்டர். அதுக்கு மேல என்ன கேக்கறீங்க? என் பேத்தி எதிர்காலத்தையா?” என்றேன். அவர் கோபப்படவில்லை. “பெஞ்சு இப்பத் திருப்ப வேண்டியதில்ல மாஸ்டர். அது ஒரே பக்கமாத்தான் கிடக்கு” என்றார். மீதிக் காபியைக் குடித்தார். எழுந்திருக்கும்போது, “பாப்பாவுக்கு மூணாவது பெஞ்சுதான் பிடிக்குமாம், சொன்னா” என்றார். போய்விட்டார்.

ஃபாதரைக் கேட்டால் பிள்ளை குறைவு என்கிறார். ஊர்க்காரர்களைக் கேட்டால் இங்கிலீஷ் வேண்டும் என்கிறார்கள். என்னைக் கேட்டால்? என்னைக் கேட்டால் என்ன கேட்பது? நான் மற்றவர்கள் மாதிரி அந்தப் பள்ளியை மறந்துவிட்டேனா? தினமும் போய்த் துடைக்கிறேனே.

அன்றிலிருந்து செசிலி என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. இன்று காலை காபி கேட்டேன், பால் தீர்ந்துவிட்டது என்றாள். பால் இருந்தது. அடுப்பு மேலேயே இருந்தது.

என்ன கேட்டீர்கள்? அங்கே இன்னும் சேர்த்துக்கொள்கிறார்களா என்றா? சேர்த்துக்கொள்ளாமல் என்ன. காலையில் சிஸ்டர் வாசலில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். டோக்கன் எல்லாம் கிடையாது. பிள்ளையைக் கொண்டுபோனால் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விடுவார். நன்றாகத்தான் சொல்லிக்கொடுப்பார். அவரிடம் படித்துத் தமிழ் தப்பாக எழுதுகிறவன் ஒருவன்கூட இல்லை. ரீகன் அந்த மூன்று வருஷத்தில் படித்த கணக்கைத்தான் இன்றைக்கும் போடுகிறான்.

ஆனால் நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்? வேண்டாம் தம்பி. நான் உங்கள் நல்லதுக்குச் சொல்கிறேன். விடியற்காலையில் வந்து டோக்கன் வாங்கி இவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு, ஒரிசாப் பிள்ளைகளோடு கொண்டுபோய் உட்கார வைப்பதா? நாளைக்கு ஒருவன் அவள் முன்னால் தாளை நீட்டி, இங்கேயே போட்டிருக்கிறதே என்று கேட்டால்? அந்தப் பள்ளிக்கூடம் இருக்க வேண்டும். அது வேறு. கட்டாயம் இருக்க வேண்டும். இடிக்க வந்தால் நான் குறுக்கே படுப்பேன். அதற்காக நம் பிள்ளையை…

எங்கே எழுந்துவிட்டீர்கள்? டீ குடிக்கவா? குடித்துவிட்டு வாருங்கள், உங்கள் இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பிள்ளையை இங்கேயே விட்டுவிட்டுப் போகலாமே, தூங்குகிறாளே. பையையும் எடுத்துக்கொண்டா? தம்பி, டோக்கனைக் கீழே போட்டுவிட்டீர்கள். தம்பி. டீக்கடை இந்தப் பக்கம், கேட்டுக்கு எதிரே. அந்தப் பக்கம் டீக்கடை ஏதும் இல்லை. வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் கோயில்தான் இருக்கிறது.

நல்ல ஆள். சொல்லச் சொல்லக் கேட்காமல் போகிறார்.

எங்கள் நம்பரா? ஆமாம், நாங்கள்தான். இதோ வருகிறோம். வா பாப்பா, கையைக் கொடு. செருப்பைக் கழற்ற வேண்டாம், இங்கே போட்டுக்கொண்டே போகலாம். இங்கே வேறு சிஸ்டர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள், வணக்கம் சொல்ல வேண்டும். குட் மார்னிங் சொல்ல வேண்டும். படி இருக்கிறது, பார்த்து.

பாப்பா. பாப்பா, எழுந்திரு. எல்லோரும் பார்க்கிறார்கள். அந்தப் பக்கமும் போடாதே. எழுந்திரு கண்ணு. இங்கே முழங்கால் போடக் கூடாது. இது கோயில் இல்லை. பள்ளிக்கூடம்.